ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் வரும்வரை

சூசை அங்கிள் ஐந்தாம் மாடிப் படிக்கட்டின் உச்சியில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் மடித்த கைக்குட்டை. மார்புக்குக் குறுக்கே நான் பிரிஜ் தூக்கும்போது போடுகிற பட்டை. கைத்தடியை மடியில் கிடத்தியிருந்தார்.

நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தபடி நான் ஒரு படி கீழே நின்றேன். முதுகுப் பக்கம் என் லோரிக் கூட்டாளி ஜெகா. மழை வரப்போகிற சாயங்காலம். எந்த வீட்டிலோ நெத்திலி வறுக்கிற வாசனை படிக்கட்டு முழுக்க நிறைந்திருந்தது.

"எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார் அங்கிள்.

"எடுத்தாச்சு அங்கிள்."

"அப்ப வண்டி ஏன் இன்னும் கிளம்பல?"

ஜெகா சிரித்ததில் நாற்காலி ஆடியது. அங்கிள் கைத்தடியால் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "டேய் லோரி, நான் பாசெஞ்சரா போறது வாழ்க்கையில இதான் முதல் தடவை. கவுத்துறாதே."

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அந்த மனிதரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க எங்கள் பிளாக்குக்கு ஒரு திருவருகைக் காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

மூன்று ஊதா, ஒரு ரோஸ்

காப்பாரில் மீன் லோரி வேலையை விட்டுவிட்டு வந்ததை இந்தத் தொடரில் போன வாரம் சொன்னேன். வந்து சேர்ந்த இடம் கிள்ளான், கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுக ஊர். நோய்க்காலம் முடிந்து எல்லாரும் முகமூடியைக் கழற்றிய வருடம் அது. ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில், லூர்து அக்கா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அறை என்றால், துணி காயப்போடும் இடத்துக்குப் பலகை அடித்தது. மழை சாய்ந்து பெய்தால் கால்பக்கம் நனையும். அதற்கு முன் பூச்சோங்கில் கட்டட வேலைக்காரர்களின் கன்டெய்னரில் படுத்து முழுசாக நனைந்தவன் நான். கால் மட்டும் நனைவது முன்னேற்றம்தான்.

லூர்து அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பினாங்கில் வேலை. அக்காவின் குரல் எந்தக் கருவியும் இல்லாமல் எல்லா மாடிக்கும் கேட்கும். பிளாக்கில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. யாரும் அவரைத் தேர்ந்தெடுத்த மாதிரி தெரியவில்லை.

நான் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் ஆறாம் ஆண்டோடு சரி. கிறிஸ்துமஸ் என்றால் எனக்குத் தெரிந்தது கேக். அதற்கு முன்னால் நாலு ஞாயிறு காத்திருக்கிற ஒரு காலம் உண்டு, அதற்குத் திருவருகைக் காலம் என்று பெயரும் உண்டு என்பது அந்த வீட்டில்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பச்சை இலை வளையம் ஒன்று இருந்தது. அதில் நாலு மெழுகுவர்த்தி. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். அக்கா ஓர் ஊதாவை மட்டும் ஏற்றினார்.

"மத்ததை ஏத்தலையா?"

"வாரத்துக்கு ஒண்ணு."

"ஏன், தீர்ந்துருமா?"

"காத்திருக்கிறோம்டா. இயேசு பொறக்கப்போறாரு."

"அவரு பொறந்துதான் ரெண்டாயிரம் வருஷம் ஆச்சே."

"உங்க நரகாசுரன் மட்டும் வருஷா வருஷம் சாகலையா? இட்லியைத் தின்னு."

ரோஸ் மெழுகுவர்த்திதான் அழகாக இருந்தது. அதை முதலில் ஏற்றலாமே என்றேன். அது மூன்றாவது ஞாயிற்றுக்கு உரியது, அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்றார். சந்தோஷப்படுவதற்குத் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்கி, அதற்கு நிறமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆட்களை எனக்குப் பிடித்துப்போனது.

அந்தக் காலம் முடிகிறவரை வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டு கிடையாது, நட்சத்திரம் கிடையாது, கேக் கிடையாது. வெளியிலோ வேறு கதை. பிரிக்பீல்ட்ஸில் தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றாத நேரத்தில், நானும் ஜெகாவும் ஒரு பேரங்காடிக்குக் கிறிஸ்துமஸ் மரத்தையும், தலை தனி உடம்பு தனியாகப் பிரித்த மான்களையும் இறக்கிவிட்டு வந்திருந்தோம். ஜெகாவின் ஃபோன் மணிச் சத்தம்கூடக் கிறிஸ்துமஸ் பாட்டாக மாறியிருந்தது. அது அக்கா வாசலில் ஒருமுறை ஒலித்தது. அக்கா வழக்கமாகத் தருகிற சம்பல் அன்று அவனுக்குக் கிடைக்கவில்லை.

பிரிஜ்ஜின் நோன்பு

எனக்குக் காத்திருக்க வராது. ஓர் ஊரில் வேலை இருந்தால் அடுத்த ஊரில் கால் இருக்கும். பஸ் வர நேரமானால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். நடந்து பாதி வழி போனதும் பஸ் என்னைத் தாண்டிப் போகும். அப்படியே பல வருடங்கள் போய்விட்டன.

ஆனால் வீடு மாற்றும் லோரித் தொழிலில் ஒரே ஒரு காத்திருப்பு உண்டு. பிரிஜ்ஜை இறக்கியதும் பிளக்கைப் போடக்கூடாது. வண்டியில் சாய்ந்து குலுங்கி வந்திருக்கும். கொஞ்ச நேரம் நிமிர்ந்து சும்மா நிற்க வேண்டும். உள்ளே கலங்கினது அடங்க வேண்டும். அம்பாங்கில் ஒரு வீட்டுக்காரர் "கோழி கெட்டுப்போயிரும் பாஸ்" என்று எங்கள் கண்முன்னாலேயே பிளக்கைப் போட்டார். பிரிஜ் ஒருமுறை உறுமியது. அவ்வளவுதான். கோழியும் போனது, பிரிஜ்ஜும் போனது.

இதை நான் லூர்து அக்காவிடம் சொன்னேன். அவர் கோயிலில் ஃபாதர் அமலனிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பிரிஜ் வந்துவிட்டது.

லாலான் புல் கணக்கு

ஃபாதர் அமலன் இளவயதுக்காரர். அந்த வருடம் அவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு பிளாக்கும் ஒரு காலித் தீவனத்தொட்டி வைக்க வேண்டும். நல்ல காரியம் ஒன்று செய்தால் அதில் ஒரு வைக்கோல் போடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பூசையில் எல்லாத் தொட்டிகளின் வைக்கோலையும் கோயில் குடிலில் பரப்பி, அதன் மேல் குழந்தை இயேசு சொரூபத்தை வைப்பார். பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும்.

கிள்ளானில் வைக்கோலுக்கு எங்கே போவது? காப்பார் சாலையோரத்தில் லாலான் புல் ஆள் உயரம் நின்றது. அறுத்து லோரியில் போட்டுக் கொண்டுவந்து காயவைத்துக் கொடுத்தேன். கை முழுக்கக் கீறல். அக்கா வாசலில் ஒரு பிஸ்கட் தகரத்தில் புல், பக்கத்தில் ஒரு பழப்பெட்டி. அதுதான் எங்கள் தீவனத்தொட்டி. புல் எடுக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல அக்கா.

மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி வந்தாள். "இன்னிக்குப் புருஷனைத் திட்டவே இல்ல அக்கா."

"அது நல்ல காரியம் இல்லடி. அது லீவு."

இன்னொருவர் பக்கத்து வீட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார்.

"எப்ப வாங்கின சட்டி?"

"ஈஸ்டருக்கு."

"புல்லை வச்ச இடத்துல வைங்க."

இவ்வளவு கண்டிப்புக்கு நடுவிலும் பெட்டி நிறைய ஆரம்பித்தது. அதில் ஒரு சிக்கல் வந்தது. நல்லது செய்ய எல்லாரும் தயார். அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே? எங்கள் பிளாக்கில் உதவி தேவைப்பட்டவர்கள் பலர் உண்டு, ஆனால் கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தப்பிக்க முடியாத இடத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். ஐந்தாம் மாடி சூசை அங்கிள்.

ரோசாக்

திருவருகைக் காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் லிஃப்ட் நின்றுபோனது. 'ரோசாக்' என்று ஓர் அட்டை தொங்கியது. கெட்டுப்போனது என்று அர்த்தம், அது எங்களுக்குத் தெரியாதா? அட்டைக்குக் கீழே மேனேஜ்மென்ட் ஆபீஸ் ஒரு தாள் ஒட்டியது. அடுத்த வாரம் ஆள் வருவார்.

அடுத்த வாரம் தாள் மாறியது. ஆள் வந்தார், சாமான் வர வேண்டும். அதற்கடுத்த வாரம் மறுபடி தாள். சாமான் வந்தது, அது வேறு சாமான்.

அக்கா வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஆபீஸ் வாரம் ஒரு தாள் மாற்றியது. ஜெகா கேட்டான்: "ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் காத்திருக்கீங்களா?" கரண்டிதான் பதில் சொன்னது.

சூசை அங்கிள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் பாதி ஆயுளை ஓட்டியவர். கனத்த உடம்பு. இரண்டு முட்டியும் போய்விட்டன. வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார், படி இறங்க முடியாது. மனைவி பிலோமினா ஆன்டி இறந்து சில வருடங்கள் ஆயின. மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபோனில் முகம் காட்டுவார்.

அந்த மனிதர் மேல் பிளாக் முழுவதும் பாய்ந்தது. ஒரே மத்தியானம் மூன்று வீட்டுச் சாப்பாடு. ஒரே வாரம் இரண்டு பேர் நகம் வெட்டினார்கள். ஒருவர் ஜன்னலைத் துடைத்துவிட்டுப் போனால் அடுத்தவர் வந்து அதே ஜன்னலைத் துடைத்தார். செபமாலை சொல்லக் கூட்டமாக வந்தவர்கள் அவர் தூங்கிவிட்ட பிறகும் சொல்லி முடித்தார்கள்.

நான் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு பிரிஜ்ஜை இறக்கப் போயிருந்தேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் வேடிக்கை பார்த்தார்.

"டேய் லோரி. கோழி ரெண்டு வகை இருக்கு, தின்னுட்டுப் போ. இல்லைன்னா அதையும் நானே திங்கணும்."

"எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க போல அங்கிள்."

"பாத்துக்கிறாங்களா? நான் புல்லு விளையிற வயலா ஆயிட்டேன்டா. வர்றான், அறுக்கிறான், போறான்."

சிரித்துவிட்டு, தெரியாத்தனமாகத்தான் கேட்டேன். "உங்களுக்கு என்னதான் வேணும் அங்கிள்?"

அவர் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார். அதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சோறு மேல வருது. நற்கருணை மேல வருது. பிரசங்கம் ஃபோன்ல வருது. நான்தான்டா கீழ போக முடியல. கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகணும். கோயில்ல என் இடத்துல உக்காரணும்."

கைக்குட்டை

வேலையில் இருந்த வருடங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அங்கிளுக்கு எப்போதும் சாயங்கால ஷிப்ட். அன்றைக்குப் பஸ்ஸையே வாடகைக்கு எடுத்த மாதிரி கூட்டம் ஏறும், ஆள் பற்றாது, லீவு கிடைக்காது. பிலோமினா ஆன்டி மட்டும் முன்னதாகவே கோயிலுக்குப் போய், நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கைக்குட்டையை விரித்துவைப்பாராம். யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்பாராம்.

ஆள் வராது. பூசை முடிந்து மணி அடிக்கும்போது காக்கிச் சட்டையோடு அங்கிள் வாசலில் நிற்பார். ஆன்டி கைக்குட்டையை மடித்துக்கொண்டு வெளியே வருவார். ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

ஓய்வுபெற்ற பிறகு சில வருடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது ஆன்டி இல்லை. அங்கிள்தான் பக்கத்தில் கைக்குட்டையை விரிக்கிறார்.

"இந்த வருஷம் நான் போகலைன்னா அந்த இடத்துல வேற எவனாச்சும் உக்காருவான்டா" என்றார்.

"நானும் ஜெகாவும் தூக்கிட்டுப் போறோம் அங்கிள். இந்த பிரிஜ்ஜை விட நீங்க லேசுதான்."

அவர் முகம் மாறிவிட்டது. "நான் என்ன பிரிஜ்ஜா? என்னைத் தூக்கறதுன்னா ஒரே தடவைதான், அது பெட்டியில. லிஃப்ட் வரட்டும். அடுத்த வாரம்னு எழுதியிருக்கான்ல?"

மர நாற்காலி கொண்டுவருகிறேன் என்றேன். மூங்கில் கட்டுகிறேன் என்றேன். கம்பிக் கதவுக்குள் போய் உள்கதவையும் சாத்திக்கொண்டார். அந்த வாரமும் லிஃப்ட் வரவில்லை.

ஓடி வந்தவர்

ஒன்று கவனித்திருந்தேன். பிளாக்கில் எல்லாருக்கும் நல்லது செய்யச் சொல்லி விரட்டுகிற லூர்து அக்கா, ஐந்தாம் மாடிக்கு மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. ஒரு கிண்ணம் ரசம்கூட அனுப்பியதில்லை.

"அந்த டிரைவருக்கா?" என்றார் கேட்டபோது. "ஊரே செய்யட்டும். என் கையால தண்ணி கிடையாது."

காரணம் பஸ். அக்கா இளம்பெண்ணாக ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்குப் போன காலம். கம்பத்து, அதாவது கிராமத்து, ஒற்றையடிப் பாதையில் ஓடி வந்து சாலையைத் தொடும்போது சூசை அங்கிளின் பஸ் கிளம்பும்.

"கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டேதான் எடுப்பாரு. கையை வெளிய நீட்டி, 'அடுத்த பஸ்ல வாம்மா'ன்னு ஒரு ஆட்டு. அந்தச் சிரிப்பு இருக்கே! லேட்டு லேட்டுன்னு கடைசியில வேலையே போச்சு. கைப்பிள்ளையோட வீடு வீடா பலகாரம் வித்தேன்."

இதை நான் அங்கிளிடமும் கேட்டிருந்தேன். அவருக்கு வருத்தமில்லை. "ஒருத்திக்காக நின்னா நாளைக்கு ஊரே ஓடி வரும். ஓடி வர்ற ஆளுக்கு நான் நின்னதே இல்ல. அதான்டா பஸ்ஸு நேரத்துக்குப் போச்சு."

கைக்குட்டைக் கதையை அக்காவிடம் சொன்னது நாலாவது மெழுகுவர்த்தி ஏற்றிய நாளில். குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார். கரண்டி நின்றது.

"அந்த ஆன்டியை நான் பாத்திருக்கேன். பின் பெஞ்சுலதான் நான் இருப்பேன். 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கும்." அடுப்பைத் தணித்தார். "பாவம். அவளும் என்னை மாதிரி அந்த ஆளோட பஸ்ஸைத் தவறவிட்டவதான்."

அடுத்த பஸ்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் லிஃப்ட் கதவில் புதுத் தாள். புத்தாண்டுக்குப் பிறகு.

அக்கா அதைப் படித்தார். அப்புறம் படியேற ஆரம்பித்தார். நான் பட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்தது.

கம்பிக் கதவை வளையல் கையால் தட்டினார். "டிரைவரே!"

உள்ளே கைத்தடிச் சத்தம். "யாரு, லூர்துவா? நீயும் புல்லு அறுக்க வந்துட்டியா?"

"எனக்கு உங்க புல்லு வேணாம். சட்டையை மாத்துங்க, கோயிலுக்குப் போகணும்."

"லிஃப்ட் வந்துருச்சா?"

"வராது. புது வருஷத்துக்கு அப்புறமாம்."

அங்கிள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அடுத்த வருஷம் போய்க்கிறேன்" என்றார். குரலில் பழைய சத்தம் இல்லை.

"அடுத்தது, அடுத்தது! எனக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிக்கிறீங்களா? நான் அந்த அடுத்த பஸ்ஸுக்கு நின்ன ஆளு. அது எப்ப வரும்னு எனக்குத் தெரியும். இருக்கிற வண்டியில ஏறுங்க." என்னைக் காட்டினார்.

"இது பஸ்ஸா? இது லோரி."

"லோரின்னா லோரி."

"என்னை பிரிஜ்ஜைத் தூக்கற மாதிரி தூக்கச் சொல்றியா?"

"பிரிஜ்ஜுக்குக் கதவாச்சும் திறக்கும்."

படிக்கட்டில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. அங்கிள் அக்காவையே பார்த்தார். அவர் மீசை மெல்ல ஆடியது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

பத்து தீகா, இறங்குறவங்க இறங்கு

அப்படித்தான் அந்தச் சிவப்பு நாற்காலியில் அவர் ஏறினார். இனி ஆரம்பத்துக்கு வருகிறேன்.

முதல் படி இறங்கியதுமே ஆபத்து எங்கள் பக்கம் இல்லை, கூட்டத்தின் பக்கம் என்று புரிந்துவிட்டது. இத்தனை பெரிய நல்ல காரியம் பிளாக்கில் நடந்ததில்லை. ஆளாளுக்கு நாற்காலியில் ஒரு விரலாவது வைக்கப் பார்த்தார்கள். ஒருவர் அங்கிளின் செருப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கையை எடுங்க! தொட்டா புல்லு இல்ல, அடி!" என்று மேலிருந்து அக்கா கத்தினார்.

கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற ரஃபீக் பாய், ராமநாதபுரத்துக்காரர், சத்தம் கேட்டு மூன்றாம் மாடிவரை ஓடி வந்துவிட்டார். "எனக்கும் ஒரு புல்லு உண்டாக்கா?"

"குடையைப் பிடிங்க பாய், பாப்போம்."

கீழே நிற்பவன் மேல்தான் முழுக் கனமும் வரும். அங்கிளின் முட்டி இரண்டும் என் நெஞ்சில் இடித்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை வைத்து மூச்சு வாங்கினோம். அங்கிள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தன் பழைய பஸ் பாதையிலிருந்து ஒரு பெயர் வைத்தார்.

"ஷா ஆலம்!"

அடுத்த மாடி. "பத்து தீகா! இறங்குறவங்க இறங்கு!"

அடுத்தது சுபாங். கீழ்த்தளத்தில் நாற்காலி தரையைத் தொட்டதும், "பிரிக்பீல்ட்ஸ்!" என்று பிளாக் அதிரக் கத்தினார். மாடி மாடியாகக் கைதட்டினார்கள்.

அவரை எழுப்பி நிறுத்தினோம். உடனே நடக்க விடப் போனேன்.

"பிளக்கை உடனே போட்டுறாதே" என்றான் ஜெகா. "கொஞ்ச நேரம் நிக்கட்டும். உள்ள கலங்கியிருக்கும்."

பிரிஜ் பிரசங்கத்தன்று ஃபோன் முன்னால் தூங்கிப்போயிருந்த அங்கிள் மட்டும் ஏன் எல்லாரும் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஆள் வருது

லோரியின் முன்பக்கம் நான், ஜெகா, அங்கிள். அதற்கே இடமில்லை. "நீங்க போங்க, நான் புல்லுப் பெட்டியோட டாக்சியில வர்றேன்" என்றார் அக்கா. பாதி வழியில் மழை கொட்டியது.

கோயில் நிரம்பி வழிந்தது. நாலாவது பெஞ்சில் அங்கிளின் இடம் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், யாரோ வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்த கைக்குட்டையைப் பக்கத்தில் விரித்தார். ஓரம் இழுத்துச் சரிசெய்தார். நான் பக்கக் கதவருகே நின்றுகொண்டேன்.

பூசை தொடங்கியது. ஃபாதர் அமலன் குழந்தை சொரூபத்தைக் கையில் ஏந்திக் குடிலுக்கு முன்னால் வந்தார். மற்ற பிளாக்குகளின் வைக்கோலெல்லாம் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தது. எங்கள் பிளாக்கின் புல்லை மட்டும் காணோம். ஃபாதர் வாசலைப் பார்த்தார். கூட்டமும் திரும்பி வாசலைப் பார்த்தது.

லூர்து அக்கா வந்தார். தலையில் பழப்பெட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், கையில் செருப்பு. புடவை ஓரம் சொட்டச் சொட்ட நடுவழியில் நேராக நடந்து போய்ப் பெட்டியைக் குடிலில் கவிழ்த்தார். காப்பார் லாலான் புல் மலைபோல் குவிந்தது. ஃபாதர் அதன் மேல் சொரூபத்தை வைத்தார். அது மெல்ல அமிழ்ந்தது. மூக்கு மட்டும் தெரிந்தது.

"இந்த பிளாக்ல இவ்வளவு நல்லவங்களா?" என்றார் ஃபாதர் மைக்கில். "பிள்ளை மூழ்கிரும்போல இருக்கே." கை விட்டுப் பாதிப் புல்லை ஓரமாகத் தள்ளினார். அப்புறம்தான் பாட்டே தொடங்கியது.

அக்காவுக்கு உட்கார இடமில்லை. நாலாவது பெஞ்சுக்குப் பக்கத்துத் தூணில் காலிப் பெட்டியோடு சாய்ந்து நின்றார். நனைந்துபோன ஒரு குடும்பம் இடம் தேடி வந்தது. அந்த அம்மா கைக்குட்டையைக் காட்டி அங்கிளிடம் ஏதோ கேட்டார். அங்கிள் வாயைத் திறந்தார். கைக்குட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆள் வருது" என்றார் அக்கா தூணிலிருந்து.

அந்தக் குடும்பம் நகர்ந்தது. இன்னொருவர் வந்தார். "ஆள் வருது." பிரசங்கம் முழுக்க, பாட்டு முழுக்க, அக்கா நின்றபடியே அந்தக் காலி இடத்தைக் காத்தார். அங்கிள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிவந்திருந்தது.

கதவு

பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது மழை விட்டிருந்தது. வாசலில் நேபாளக் காவலாளி குதித்துக்கொண்டிருந்தார். "அங்கிள், லிஃப் சூடா பாய்க்!" லிஃப்ட் சரியாகிவிட்டது. எல்லாரும் கோயிலில் இருந்தபோது ஆள் வந்திருக்கிறார். சொல்லாமல், தாள் ஒட்டாமல், வந்து செய்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வெளிச்சம். கதவு திறந்து நின்றது. கடையை மூடிவிட்டு வந்த ரஃபீக் பாய், நான், ஜெகா, நடுவில் அங்கிள். மூடப்போன கதவு அவர் கைத்தடியில் இடித்துத் திரும்பத் திறந்தது.

"தடியை எடுங்க அங்கிள்" என்றார் பாய்.

"இரு. ஆள் வருது."

தூரத்தில் கேட்டருகே லூர்து அக்கா டாக்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் காலிப் பெட்டி. வெளிச்சத்தில் நீண்டிருந்த கைத்தடியைப் பார்த்தார். கதவு அதில் முட்டி முட்டித் திறப்பதையும் பார்த்தார்.

ஓடவில்லை.

பெட்டியைக் கீழே வைத்தார். புடவை ஓரத்தைப் பிழிந்தார். காவலாளியிடம் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார், சாப்பிட்டாயா என்று விசாரித்தார். ஒரு குட்டையைத் தாண்டலாம், அதைச் சுற்றிக்கொண்டு வந்தார். லிஃப்ட் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஜெகா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். அங்கிள் அசையவில்லை. பொத்தானை அழுத்தவில்லை. கூப்பிடவும் இல்லை.

அக்கா உள்ளே வந்து நின்றார். "போகலாம்" என்றார்.

கதவு மூடியது. பெட்டியின் மூலையில் ஒரு லாலான் புல் சிக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை உருவி, அங்கிளின் சட்டைப் பாக்கெட்டில் கைக்குட்டைக்குப் பக்கத்தில் செருகினார்.

"ஒண்ணுதானா?" என்றார் அங்கிள்.

"ஒரு தடவைதானே நின்னீங்க."